விளம்பரக் காசைக் கட்டும் முன் வருடத் திட்டத்தை நீங்களே எழுதுங்கள்



டிசம்பர் பிறந்ததிலிருந்து என் வாட்ஸ்அப்பில் ஒரே மாதிரி பி.டி.எஃப்.கள் வந்து கொண்டிருக்கின்றன. "டீச்சர், 2026-க்கு கூகுள் விளம்பர பேக்கேஜாம். எடுக்கலாமா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க." ஏசி மெக்கானிக் ஒருவன், கேட்டரிங் நடத்தும் ஒருத்தி, டியூஷன் சென்டர் வைத்திருப்பவன், பல் டாக்டராகிவிட்ட என் நாலாம் வகுப்புப் பிள்ளை என்று இதுவரை ஏழெட்டுப் பேர் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன். பதிவு நீளம்தான். நேரம் கிடைக்கும்போது உட்கார்ந்து படியுங்கள்.

"உங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் டீச்சர்?" என்று சிலர் நினைக்கலாம். மகள் சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலைகளை இணையத்தில் விற்கிறாள். ஓய்வு பெற்ற பிறகு அவளுடைய கூகுள் விளம்பரக் கணக்கைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மூன்று வருடமாகத் தினமும் காலையில் அரை மணி நேரம் அதில் உட்காருகிறேன். நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. படித்தது ஆசிரியர் பயிற்சி டிப்ளமா. ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் பாடக் குறிப்பு எழுதிய கைக்கு இந்த வேலை ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விளம்பரத்தை ஏஜென்சி நடத்தட்டும், தப்பில்லை. வருடத் திட்டத்தை மட்டும் கடை முதலாளி தன் கையால் எழுத வேண்டும். அதை எழுதாமல் எந்த பேக்கேஜுக்கும் முன்பணம் கட்டாதீர்கள்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன. அதற்கு முன், இந்த விளம்பரம் எப்படி வேலை செய்கிறது என்று தெரியாதவர்களுக்காக இரண்டு பத்தி.

பேப்பரில் நோட்டீஸ் வைத்துக் கொடுத்தால், தேவை உள்ளவன் இல்லாதவன் எல்லோர் வீட்டிலும் அது விழும். கூகுள் தேடலில் வரும் விளம்பரம் அப்படி இல்லை. ஒருவர் தானாக வந்து ஒரு கேள்வி கேட்கிறார். அந்தக் கேள்விக்கு நாம் பதில் வைத்திருக்கிறோம் என்று சொல்ல இடம் வாங்குகிறோம். கூகுள் 1998-ல் தொடங்கிய நிறுவனம். இந்த விளம்பர முறையை 2000 அக்டோபரில் 'ஆட்வேர்ட்ஸ்' என்ற பெயரில் கொண்டுவந்தார்கள். 2018-ல்தான் 'கூகுள் ஆட்ஸ்' என்று பெயர் மாறியது. தமிழ் மொழிக்கான விளம்பர வசதி வந்ததும் அதே 2018-ல்தான்.

ஒவ்வொரு தேடலின்போதும் உள்ளே ஒரு ஏலம் நடக்கிறது. யார் அதிகம் கேட்கிறார்கள் என்பதை மட்டும் வைத்து அந்த ஏலம் முடிவதில்லை. விளம்பரம் கேள்விக்குப் பொருத்தமாக இருக்கிறதா, அதைத் தொட்டால் திறக்கும் பக்கம் உபயோகமாக இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். பொருத்தமாக எழுதிய சின்னக் கடை, அக்கறையில்லாமல் எழுதிய பெரிய கடையை முந்த முடியும். காசு, விளம்பரத்தைப் பார்த்ததற்கு இல்லை, தொட்டதற்கு. ஒவ்வொரு தொடுதலுக்கும், அதாவது ஒவ்வொரு கிளிக்குக்கும், காசு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த விளம்பரத்தில் ஜெயிப்பதற்கு மூன்று சங்கதிகள் தெரிந்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் எந்தச் சொல்லில் கேட்கிறார், எந்த மாதத்தில் கேட்கிறார், அவர் வந்தால் நமக்கு எவ்வளவு மிஞ்சும். இந்த மூன்றும் கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ ஏசி அறையில் இருக்கும் பிள்ளைக்குத் தெரியாது. அது அவன் குற்றமும் இல்லை. நாம் சொன்னால்தானே அவனுக்குத் தெரியும்?

முதலாவது, சொல்.

ஏசி மெக்கானிக் தம்பிக்கு ஒரு ஏஜென்சி தயாரித்துக் கொடுத்த பட்டியலைப் பார்த்தேன். 'ஏர் கண்டிஷனர் மெயின்டனன்ஸ் சொல்யூஷன்ஸ்' என்று இருந்தது. நம் ஊரில் யார் அப்படித் தேடுவார்கள்? "ஏசில தண்ணி ஒழுகுது", "ஏசி கூலிங் வரல", "கேஸ் ஃபில்லிங் எவ்வளவு", "பக்கத்துல ஏசி மெக்கானிக்" என்றுதான் கேட்பார்கள். சிலர் தமிழ் எழுத்தில் அடிப்பார்கள், பலர் தமிழையே ஆங்கில எழுத்தில் அடிப்பார்கள், வயதானவர்கள் மைக்கைத் தொட்டுப் பேசிவிடுவார்கள். மூன்று வகையும் நம் பட்டியலில் இருக்க வேண்டும்.

இதற்கு ஒரு எளிய வீட்டுப்பாடம் கொடுத்தேன். போன் பக்கத்தில் ஒரு நோட்டு வை. பத்து நாளைக்கு, அழைப்பவர் முதலில் என்ன வார்த்தை சொல்கிறாரோ அதை அப்படியே எழுது, திருத்தாதே. பத்து நாளில் நாற்பது வரி சேர்ந்தது. அந்த நாற்பது வரி எந்த ஏஜென்சியிடமும் இல்லாத சொத்து. என் மகளுக்கும் இப்படித்தான் தெரிந்தது. நாங்கள் 'கைத்தறி' என்று எழுதிக்கொண்டிருக்கிறோம், வாங்க வருகிற பெண்கள் 'ஆபீசுக்குக் கட்ட காட்டன் சேலை' என்று கேட்கிறார்கள்.

வேண்டும் என்ற சொல்லைப் போலவே வேண்டாம் என்ற சொல்லும் முக்கியம். 'ஏசி மெக்கானிக்' என்று விளம்பரம் போட்டால், 'ஏசி மெக்கானிக் வேலை' தேடும் பையனும், 'ஏசி மெக்கானிக் கோர்ஸ்' தேடும் பையனும் வந்து தொடுவார்கள். அவர்கள் பாவம், தங்கள் தேவைக்குத் தேடுகிறார்கள். ஆனால் காசு நம் கணக்கில் போகும். 'வேலை', 'சம்பளம்', 'கோர்ஸ்', 'இலவசம்', 'பழைய ஏசி' போன்ற சொற்களை விலக்குச் சொற்களாகப் போட வசதி இருக்கிறது. ஜனங்கள் உண்மையில் என்ன அடித்து நம் விளம்பரத்துக்கு வந்தார்கள் என்று காட்டும் அறிக்கையும் கணக்குக்குள்ளேயே இருக்கிறது. வாரம் ஒருமுறை அதைப் படிப்பது, பிள்ளைகளின் பரீட்சைப் பேப்பரைத் திருத்துவது மாதிரிதான். எங்கே தப்பு நடக்கிறது என்பது அதில்தான் தெரியும்.

இரண்டாவது, மாதம்.

எனக்கு வந்த பேக்கேஜ்களில் பெரும்பாலானவற்றில் ஒரே கணக்கு: மாதம் பத்தாயிரம், பன்னிரண்டு மாதம். இதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வருகிறது. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் நாங்கள் என்ன செய்வோம்? வேலை நாட்களை எண்ணுவோம். காலாண்டு, அரையாண்டு, திருவிழா விடுமுறை எல்லாம் கழித்து, கஷ்டமான பாடத்துக்கு அதிக நாள், சுலபமான பாடத்துக்குக் குறைந்த நாள் என்று பிரிப்போம். எல்லாப் பாடத்துக்கும் ஒரே அளவு நாள் என்று யாராவது எழுதினால் தலைமையாசிரியர் நோட்டைத் தூக்கி எறிந்திருப்பார்.

ஏசிக்காரனுக்கு பிப்ரவரி கடைசியில் தொடங்கி மே முடியும் வரைதான் அறுவடை. நவம்பர் மழையில் அவனுக்கு எதற்குப் பத்தாயிரம்? டியூஷன் சென்டருக்கு ரிசல்ட் வரும் மே மாதமும், பள்ளி திறக்கும் ஜூனும். அரையாண்டு மதிப்பெண் வந்த பிறகு ஜனவரியில் இன்னொரு சின்ன அலை. கல்யாண கேட்டரிங் நடத்துபவளுக்கு ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தமே இல்லை. ஆனால் ஆவணிக் கல்யாணத்துக்கு ஆள் தேடுபவர்கள் ஆடியிலேயே தேட ஆரம்பித்துவிடுவார்கள். கல்யாணம் இல்லாத மாதம் என்று ஆடியில் விளம்பரத்தை நிறுத்தினால் ஆவணி போய்விடும். தேடும் மாதம் வேறு, வாங்கும் மாதம் வேறு. அசைவ கேட்டரிங்காக இருந்தால் புரட்டாசியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

தீபாவளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2025-ல் தீபாவளி அக்டோபர் 20. 2026-ல் நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. பத்தொன்பது நாள் தள்ளிப் போகிறது. அமாவாசைக் கணக்கில் வரும் பண்டிகை சாதாரணமாக வருடத்துக்குப் பதினொரு நாள் முன்னால் வரும். அதிக மாசம் குறுக்கிட்டால் இப்படிப் பின்னால் போகும். போன வருட அக்டோபர் செலவைப் பார்த்து அதே தேதிக்கு அதே பணம் என்று யாராவது திட்டம் போட்டால், ஜனங்கள் இன்னும் போனஸ் வாங்காத நேரத்தில் காசு கரைந்துவிடும். உண்மையான தேடல் வரும்போது கை காலியாக இருக்கும். 2025-ல் புரட்டாசி முடிந்த கையோடு தீபாவளி வந்துவிட்டது. 2026-ல் இடையில் மூன்று வாரம் கிடைக்கிறது. இனிப்பு, துணி, பிரியாணி எல்லாவற்றுக்கும் இந்த மூன்று வாரம்தான் முக்கியம். சேலை வியாபாரத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வேண்டுமே! டெய்லர்கள் "இனிமேல் எடுக்க மாட்டோம்" என்று போர்டு வைப்பதற்கு முன்னால் சேலை வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். அதனால் எங்கள் திட்டத்தில் அக்டோபர் முதல் வாரமே தீபாவளி ஆரம்பம்.

இதைச் சரிபார்க்க கூகுள் டிரெண்ட்ஸ் என்று ஒரு இலவச வசதி இருக்கிறது. ஒரு சொல்லை அடித்தால், கடந்த ஐந்து வருடத்தில் அந்தத் தேடல் எந்த மாதம் ஏறியது, எந்த மாதம் இறங்கியது என்று தமிழ்நாட்டுக்கு மட்டும் பிரித்துக் காட்டும். அதில் 100 என்று இருந்தால் நூறு பேர் தேடினார்கள் என்று அர்த்தமில்லை. அந்தக் காலத்தின் உச்சத்தை 100 என்று வைத்து மற்றவற்றை ஒப்பிடுகிறார்கள். மார்க் வேறு, ரேங்க் வேறு என்று வகுப்பில் சொல்வேனே, அதே சங்கதி.

மூன்றாவது, மிச்சம்.

ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான், உங்கள் எண்களைப் போட்டு நீங்களே செய்து பாருங்கள்.

ஏசிக்காரன் ஒரு நாளைக்கு 300 ரூபாய் என்று வைக்கிறான். கூகுள் ஒரு மாதத்தை 30.4 நாளாகக் கணக்கிடும். சில நாள் 300-க்கு மேல், இரண்டு மடங்கு வரைகூட எடுக்கும், சில நாள் குறைவாக எடுக்கும். மாத மொத்தம் 300 × 30.4 = 9,120 ரூபாயைத் தாண்டாது. அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 1,641 ரூபாய் 60 காசு. ஆக 10,761 ரூபாய் 60 காசு. ஜி.எஸ்.டி. பதிவு வைத்திருப்பவர்கள் அந்த வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களும் பதிவு இல்லாதவர்களும் எடுக்க முடியாது. அவர்களுக்கு அது செலவுதான்.

ஒரு கிளிக் 15 ரூபாய் என்றால் 9,120 ரூபாய்க்கு 608 கிளிக். நூற்றுக்கு ஐந்து பேர் போன் செய்தால் ஏறக்குறைய 30 அழைப்பு. அதில் மூன்றில் ஒருவர் வேலை கொடுத்தால் 10 வேலை. வரியோடு பார்த்தால் ஒரு வேலைக்கு 1,076 ரூபாய் விளம்பரச் செலவு. ஒரு சாதாரண சர்வீஸில் அவனுக்கு மிஞ்சுவது 400 ரூபாய் என்றால்? ஒவ்வொரு வேலைக்கும் 676 ரூபாய் கையை விட்டுப் போகிறது. அவனோ, "பத்து வேலை வந்துச்சு டீச்சர், நல்லாப் போகுது" என்று நினைத்துக்கொண்டிருப்பான்.

இப்போது விலக்குச் சொற்களைச் சரியாகப் போட்டு, வேண்டாத கிளிக்குகளைக் குறைத்து, நூற்றுக்குப் பத்து பேர் போன் செய்கிறார்கள் என்று வைப்போம். 60 அழைப்பு, 20 வேலை. ஒரு வேலைக்கு 538 ரூபாய். இன்னமும் 400-ஐவிட அதிகம்தான். ஆனால் வந்த வீட்டுக்காரரிடம் நன்றாக வேலை செய்து, வருடம் இரண்டு முறை வருகிற வீடாக மாற்றினால் 800 ரூபாய் மிஞ்சும். அப்போது அந்த விளம்பரம் லாபம். ஒருமுறை வந்துபோகும் வேலையை நம்பிச் செய்தால் நட்டம். இந்தத் தீர்மானத்தை எந்த ஏஜென்சி எடுக்க முடியும்? உங்களுக்கு ஒரு வேலையில் 400 மிஞ்சுகிறது என்பதே அவர்களுக்குத் தெரியாதே! அவர்கள் அனுப்பும் அறிக்கையில் எத்தனை ஆயிரம் பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் தொட்டார்கள் என்று கலர் கலராக இருக்கும். கல்லாவில் என்ன விழுந்தது என்ற வரி இருக்காது.

இவ்வளவும் சொன்னதும் என் அண்ணன் மகன் சிரித்தான். சென்னையில் இப்படி ஒரு ஏஜென்சியில்தான் வேலை பார்க்கிறான். "அத்தை, நீங்க பழைய காலத்துல இருக்கீங்க. இப்ப எல்லாத்தையும் ஏ.ஐ. பாத்துக்கும். எந்தச் சொல்லு, எவ்வளவு ஏலம், யாருக்குக் காட்டணும், எல்லாம் மெஷினே முடிவு பண்ணும்" என்றான்.

அவன் சொல்வதில் உண்மை இருக்கிறது, மறுக்க மாட்டேன். ஏலத் தொகையை நொடிக்கு நொடி மாற்றுவது மனிதனால் ஆகாத காரியம், மெஷின்தான் செய்ய வேண்டும். ஆனால் மெஷின் எதைத் தேடிப் போக வேண்டும் என்று நாம்தானே சொல்கிறோம்? போன் வந்தாலே வெற்றி என்று குறித்து வைத்தால், தப்பு நம்பர் என்று வைத்துவிடும் அழைப்பும் வெற்றிதான். மெஷின் அதே மாதிரி இன்னும் நூறு பேரைக் கொண்டுவந்து நிறுத்தும். எத்தனை நொடிக்கு மேல் பேசினால் அழைப்பாகக் கணக்கு வைப்பது என்று நாமே சொல்லலாம். எது உண்மையான வாடிக்கையாளர் என்பதை நாம் சொல்லிக் கொடுக்க வேண்டும். மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் பிள்ளை மாதிரிதான் அது. தப்பான விடையைச் சொல்லிக் கொடுத்தால் தப்பான விடையைத்தான் அழகாக ஒப்பிக்கும்.

அண்ணன் மகனைப் போல அந்த வேலையில் இருக்கும் நம் பிள்ளைகள் இதைப் படித்துக் கோபப்பட வேண்டாம். உங்கள் உழைப்பை நான் குறை சொல்லவில்லை. திட்டம் எழுதிக்கொண்டு வரும் முதலாளி உங்களுக்கும் நல்லதுதான். மூன்றாம் மாதம் "ஒண்ணும் வரலையே" என்று சண்டை போட மாட்டார்.

"கடையைப் பார்க்கவே நேரம் இல்லை, இதை எங்கே எழுதுவது?" என்று கேட்பவர்களும் உண்டு. மாதம் பத்தாயிரம் வாடகைக்கு ஒரு இடம் எடுக்கப் போனால் எத்தனை முறை போய்ப் பார்ப்பீர்கள்? தண்ணீர் வருகிறதா, பார்க்கிங் உண்டா, பக்கத்துக் கடை எது என்று விசாரிக்க மாட்டீர்களா? இதுவும் வாடகைதான். காசு கட்டும் வரைக்கும் பெயர் மேலே நிற்கும். நிறுத்திய நிமிடம் காணாமல் போகும்.

அதனால் திட்டத்தில் சொந்த வீட்டுக்கும் ஒரு இடம் வையுங்கள். கூகுள் மேப்பில் உங்கள் கடையைப் பதிவு செய்து, சரியான போன் நம்பர், திறக்கும் நேரம், நல்ல புகைப்படம் எல்லாம் போடுவதற்கு ஒரு பைசா செலவில்லை. அதற்கு 'கூகுள் பிசினஸ் புரொஃபைல்' என்று பெயர். 'பக்கத்தில் ஏசி மெக்கானிக்' என்று தேடுபவருக்கு மேப்போடு வருவது அதுதான். வேலை முடிந்து திருப்தியாக இருப்பவரிடம் இரண்டு வரி எழுதச் சொல்லிக் கேளுங்கள். சொந்தக்காரர்களை வைத்துப் பொய்யாக எழுத வைக்காதீர்கள், என்னையும் கேட்காதீர்கள். வந்து சேலை வாங்கினால்தான் எழுதுவேன், மகள் கடையாக இருந்தாலும் சரி.

2024 ஆகஸ்ட் முதல் இந்தியாவிலும் கூகுள் தேடலின் மேலேயே ஏ.ஐ. எழுதிய சுருக்கமான பதில் வர ஆரம்பித்திருக்கிறது. "சுங்குடிச் சேலையை எப்படித் துவைப்பது" என்று கேட்டால் அங்கேயே பதில் வந்துவிடும். கேட்டவர் அதைப் படித்துவிட்டுப் போய்விடுவார். இப்படித் தகவல் கேட்கும் சொற்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். வாங்கப்போகிறவர் கேட்கும் சொற்களுக்கு மட்டும் கொடுங்கள்.

இனி, கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்ற விஷயம். இதைத்தான் மிக முக்கியமாகச் சொல்ல வந்தேன். என் பழைய மாணவி ஒருத்தி, பெயர் வேண்டாம், இரண்டு வருடம் ஒரு ஏஜென்சியிடம் கொடுத்திருந்தாள். ஒத்துவரவில்லை என்று விலகினாள். அப்போதுதான் தெரிந்தது, விளம்பரக் கணக்கே அவர்கள் பெயரில் இருந்தது. எந்தச் சொல்லுக்கு எத்தனை பேர் வந்தார்கள், எந்த மாதம் எவ்வளவு செலவானது, எதையெல்லாம் விலக்கி வைத்திருந்தார்கள் என்ற இரண்டு வருடக் குறிப்பும் அவள் கைக்கு வரவில்லை. அவள் காசில் எழுதிய நோட்டு அது. நகை அடகு வைத்துக் கட்டிய காசு. இப்போது முதல் வகுப்பிலிருந்து ஆரம்பிக்கிறாள்.

ஆகவே கணக்கை உங்கள் ஜிமெயிலில் நீங்களே திறங்கள். அட்மின் நீங்களாக இருங்கள். பில் உங்கள் பெயருக்கு வரட்டும். ஏஜென்சிக்கு உள்ளே வந்து வேலை செய்ய அனுமதி மட்டும் கொடுங்கள், அதற்கு முறையான வசதி இருக்கிறது. பிரிந்தால் அனுமதியை எடுத்துவிடலாம், நோட்டு நம்மிடம் இருக்கும். "அப்படியெல்லாம் செய்ய மாட்டோம்" என்று சொல்லும் ஏஜென்சிக்கு வணக்கம் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

கணக்கைத் திறக்கும்போது சில கட்டங்களில் கூகுளே டிக் போட்டு வைத்திருக்கும். ஊர் தேர்வு செய்யும் இடத்தில், அந்த ஊரில் இருப்பவர்களோடு அந்த ஊரில் ஆர்வம் காட்டுபவர்களையும் சேர்த்திருக்கும். திண்டுக்கல்லைப் பற்றி டெல்லியிலிருந்து தேடுபவர் ஏசி சர்வீஸுக்கு வரப்போவதில்லை. 'இருப்பவர்கள்' என்பதை மட்டும் வையுங்கள். சேலைக்கு அப்படி இல்லை, அதற்குக் கூரியர் எங்கும் போகும். தேடல் விளம்பரத்தோடு மற்ற இணையதளங்களில் படமாக வரும் விளம்பரத்தையும் சேர்க்கச் சொல்லும். முதல் வருடம் வேண்டாம். பரிந்துரைகளைத் தானாகவே நிறைவேற்றலாமா என்று கேட்கும். அதையும் நிறுத்தி வைத்து, ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மாதம் ஒருமுறை உங்கள் கடைப் பெயரையே தேடிப் பாருங்கள். மேலே வேறு யாருடைய விளம்பரமாவது வருகிறதா என்று தெரியும். இது சின்னக் கடைக்கு மட்டும் வரும் பிரச்சினை இல்லை. சென்னையைச் சேர்ந்த பெரிய திருமணத் தகவல் நிறுவனம் ஒன்றே, தங்கள் பெயரைத் தேடினால் போட்டியாளர்களின் விளம்பரம் வருகிறது என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, 2010-ல் தீர்ப்பு வந்தது. நம்மால் கோர்ட்டுக்குப் போக முடியாது. ஆனால் நம் பெயருக்கு நாமே ஒரு சின்ன விளம்பரம் வைத்துக்கொள்ளலாம். தேடும்போது உங்கள் விளம்பரத்தை நீங்களே தொட்டுப் பார்க்காதீர்கள், காசு போகும்.

சரி, திட்டத்தை எப்படி எழுதுவது? ஒரு நோட்டில் ஒரே பக்கம் போதும்.

1. என் வாடிக்கையாளர் கேட்கும் இருபது சொற்கள், அவர் வாயில் வருகிறபடி.

2. எனக்கு வேண்டாத பத்துச் சொற்கள்.

3. பன்னிரண்டு மாதத்தையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே அதிகம், நடுத்தரம், குறைவு, பூஜ்யம் என்று ஒன்று. பண்டிகைத் தேதிகளை 2026 காலண்டரைப் பார்த்து எழுதவும், ஞாபகத்தில் எழுதக் கூடாது.

4. வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு போட முடியும், அதில் எந்த மாதத்துக்கு எவ்வளவு. பத்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைக்கவும். எதிர்பாராத வெயிலோ மழையோ வந்தால் உதவும்.

5. ஒரு வாடிக்கையாளர் வந்தால் எனக்கு எவ்வளவு மிஞ்சும், அவரைக் கொண்டுவர அதிகபட்சம் எவ்வளவு கொடுக்கலாம்.

6. மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, திட்டமிட்டது என்ன, நடந்தது என்ன என்று பார்க்க வேண்டும்.

ஐந்தாவது வரிதான் கஷ்டம். பலருக்கு அந்த எண் தெரியாது. அது தெரியும் வரை விளம்பரத்தையே ஆரம்பிக்காதீர்கள் என்பேன். விளம்பரம் போடாவிட்டாலும் வியாபாரம் செய்பவனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய எண் அது.

வகுப்புக்குப் பாடக் குறிப்பு இல்லாமல் போகும் ஆசிரியர்களும் உண்டு. பக்கத்து வகுப்பு ஆசிரியரின் நோட்டை அப்படியே காப்பி அடித்து வைத்திருப்பவர்களும் உண்டு. ஏ.இ.ஓ. ஆய்வுக்கு வந்து, "இந்தப் பாடத்தை ஏன் இந்த வாரத்தில் வைத்தீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் முழித்துவிடுவார்கள். தானே எழுதியவருக்குப் பதில் இருக்கும். உங்கள் ஏஜென்சி நாளைக்கு ஒரு பேக்கேஜை நீட்டும்போது அந்தக் கேள்வியைக் கேட்கும் இடத்தில் நீங்கள் இருக்க வேண்டும்.

நம் பிள்ளைகளில் பலர் வட்டிக்கு வாங்கித்தான் தொழில் நடத்துகிறார்கள் என்று எனக்குத் தெரியும். மாதம் பத்தாயிரம் பெரிய கம்பெனிக்குச் சில்லறையாக இருக்கலாம், நமக்கு அது ஒரு பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ். அதை எங்கே போடுகிறோம் என்று தெரிந்து போடுவோம்.

பொங்கலுக்குள் அந்த ஒரு பக்கத்தை எழுதி போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். சிவப்பு மை பேனா இன்னும் என்னிடம் இருக்கிறது. எழுத்துப் பிழைக்கு மார்க் குறைக்க மாட்டேன், கணக்குப் பிழைக்குக் குறைப்பேன். கேட்டரிங் நடத்துபவளும் ஏசிக்காரனும் முதலில் அனுப்ப வேண்டும், உங்களுக்குத்தான் சீசன் சீக்கிரம் வருகிறது.

எல்லோருக்கும் புத்தாண்டு, பொங்கல் வாழ்த்துகள். தொழில் செழிக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்